நீ போட்ட முடிச்சு அவிழவில்லை

போன வாரம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெளியூர்க்காரர்கள் தங்க அறைகள் விட்டிருக்கிறாராம். முற்றத்து மரங்களில் ரெண்டு அமாக், அதான் மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற துணித் தொட்டில், கட்ட வேண்டும், அதற்கு நாலு நாடாப் பட்டை தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கார் சீட் தைக்கிற கடையில் போய் இதைக் கேட்கலாமா என்று அவருக்கே கூச்சம். கையோடு ஒரு மாதிரிப் பட்டை கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்ததும் அந்த வாசனை வந்தது. புதுப் பட்டைக்கென்றே ஒரு வாசனை உண்டே, கோந்தும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி.

அளவெல்லாம் சொல்லி முடித்துக் கிளம்பும்போது, "நூல் கெட்டியான நூல்தானேங்க?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சனிக்கிழமை வாங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பல வருஷத்துக்கு முன்னால் அதே கேள்வியை நீ என்னிடம் கேட்டாய். நான் பொய் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தால் கடைசியில் சொல்லாமலே எழுந்து போய்விடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

அஞ்சாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்சு. அப்புறம் நீ பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனாய், நான் சீட் தைக்கப் போனேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் எங்கெங்கோ இருந்துவிட்டு, பென்ஷனும் முதுகுவலியுமாகத் திரும்பி வந்தாய். அந்தப் பட்டாளத்திலிருந்து வந்த எல்லாரையும் போல உன்னையும் தெருவில் சொல்தா என்றார்கள். முத்தியால்பேட்டையில் உன் அப்பா விட்டுப்போன வீடு, பின்னால் தோட்டத்தில் ஒரு வேம்பு, ஒரு பூவரசு. கட்டிலில் படுத்தால் உனக்குத் தூக்கம் வராது. தரையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். தென் அமெரிக்கக் காட்டில் மூணு வருஷம் அமாக்கில் தூங்கிப் பழகிய உடம்பு அது. அந்த அமாக்கைப் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்திருந்தாய். பச்சைத் துணி, ரெண்டு தலைப்பிலும் கயிறு. உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், அதைப் பார்த்துவிட்டு, இந்த வயசில் இவருக்குத் தூளி கேக்குது பாருங்கண்ணே என்று சிரித்தாள்.

கட்டிவிட்டுப் படுக்க வேண்டியதுதானே என்றேன் நான். கயிறு எடுத்து மரத்தில் ரெண்டு சுற்று சுற்றினால் முடிந்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். கயிறு போட்டால் மரப்பட்டையை அறுத்துவிடும், ஆறே மாசத்தில் மரத்தில் வளையம் விழுந்துவிடும், அகலமான நாடாப் பட்டைதான் போட வேண்டும் என்றாய். "மரத்துக்கும் தோல் இருக்குடா" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆளைச் சுட்டுப் பழகினவன் மரத்துக்கு அழுகிறான் என்று நான் கிண்டல் பண்ணினேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. நாம் ரெண்டு பேரும் ஒரு பட்டைக்காக ஊரெல்லாம் அலைந்தோம். வைத்திக்குப்பத்தில் படகுக்காரர்கள் நல்ல கயிறு இருக்கிறது என்றார்கள், கயிறே வேண்டாம் என்று வந்துவிட்டாய். கட்டில் நாடா விற்கிற கடைக்குப் போனோம். அகலம் சரியாக இருந்தது, எனக்குத் திருப்தி. நீ ஒரு முனையை என்னிடம் கொடுத்து மறுமுனையைப் பிடித்து மல்லாந்து சாய்ந்தாய், கடைக்காரர் பயந்துபோய்விட்டார். நாடா இழுபட்டது. ராத்திரி இடுப்பு உயரத்தில் படுத்தால் விடியும்போது முதுகு தரையில் இருக்கும் என்றாய். மேட்டுப்பாளையம் லாரி செட்டுக்குப் போய் சரக்கு இறுக்குகிற பெல்ட்டைப் பார்த்தோம். அதில் இருக்கிற இரும்புக் கொக்கி நம் கடல் காற்றுக்கு மூணு மாசம் தாங்காது என்று அதையும் தள்ளினாய். எனக்கு ஒவ்வொரு நாளும் கடை மூடிக் கிடந்தது. உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனால் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, உன்னோடு பெட்ரோல் போட்டுச் சுற்றுவது பிடித்தும் இருந்தது.

கடைசியில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் கிடைத்தது. அடிபட்ட கார் ஒன்றின் பின்சீட்டு பெல்ட். நம் ஊரில் பின்சீட்டில் யார் பெல்ட் போடுகிறார்கள், புதுசு மாதிரியே இருந்தது. நீ அதற்கு முன்னால் இருபது பெல்ட்டையாவது நகத்தால் சுரண்டிப் பார்த்திருப்பாய். வெயிலில் வெளுத்தது வேண்டாம், ஓரத்தில் பஞ்சு கிளம்பியது வேண்டாம், எண்ணெய் பட்டது வேண்டாம். பொண்ணு பாக்க வந்தாக்கூட இவ்ளோ பாக்கமாட்டாங்க சார் என்று அந்தக் கடைக்காரர் அலுத்துக்கொண்டார். ரெண்டு பெல்ட்டை வாங்கி என் கையில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு முனையிலும் மடித்துக் காது மாதிரி ஒரு வளையம் தைத்துத் தா என்றாய். ஒரு வளையத்துக்குள் பட்டையையே நுழைத்து மரத்தைச் சுற்றி இறுக்குவது, இன்னொரு வளையத்தில் அமாக்கின் கயிற்றை முடிச்சுப் போடுவது. பேப்பரில் படம்கூட வரைந்து கொடுத்தாய்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருந்தது. உனக்குத் தெரியும், என் தொழிலில் அந்த நாலு நாள் மூச்சு விட நேரம் இருக்காது. வேன்காரர், டாக்சிக்காரர் எல்லாருக்கும் பூஜைக்குள் வண்டியில் புது கவர் வேண்டும். உன் பட்டையை எடுத்து மிஷினில் வைத்தபோது நைலான் நூல் தீர்ந்திருந்தது. கடைத்தெருவுக்கு ஒரு ஓட்டம் ஓடியிருந்தால் வாங்கி வந்திருக்கலாம். மிஷினில் டவல் துணி சீட் கவருக்குப் போடுகிற கறுப்புப் பருத்தி நூல் ஏற்றியபடி இருந்தது. ஆளைத் தாங்கப்போவது பட்டை, நூலில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதிலேயே நாலு வளையத்தையும் தைத்துத் தள்ளினேன். நெருக்கமாகத்தான் தைத்தேன், பெட்டி போட்டு, குறுக்கே பெருக்கல் குறி போட்டு. பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது.

சாயந்திரம் நீ வந்தாய். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய், இழுத்துப் பார்த்தாய். அப்புறம் கேட்டாய், "நைலான் நூல்தானடா?"

"பின்ன, பூ கட்ற நாருலயா தைப்பேன்?" என்று சுள்ளென்று விழுந்தேன்.

நீ சிரித்துவிட்டாய். தப்பு செய்துவிட்டு எதிராளி மேல் கோபப்பட்டால் கேள்வி அத்தோடு நின்றுவிடும், அது எனக்குக் கைவந்த கலை. பூஜை முடிந்ததும் கழற்றி வாங்கி நைலானில் தைத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

நீ கட்டிப் படுத்த முதல் நாள் மத்தியானம் தங்கச்சி எனக்கு போன் போட்டாள். மனுஷன் மூணு மணி நேரமா அசையல அண்ணே, மூக்குல கை வெச்சுப் பாத்துட்டு வந்தேன் என்றாள். வந்து பார்த்தேன். நேராகப் படுக்காமல் குறுக்குவாட்டில், குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய். பட்டாளத்தை விட்டு வந்தபிறகு நீ ஒழுங்காகத் தூங்கினது அன்றைக்குத்தானாம். எழுந்ததும், தூஸ்மான், தூஸ்மான், மெதுவா இறங்கணும் என்று உனக்கு நீயே பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு காலை ஊன்றினாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நூல் ஞாபகத்துக்கு வந்தது, ஆனால் பெருமை அதை மூடிவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீ அமாக்கை மட்டும் உள்ளே எடுத்து வைத்தாய், பட்டை மரத்திலேயே நனைந்தது. அப்புறம் பனி, அப்புறம் வெயில். தினமும் உன் கனம். பருத்தி நூல் எத்தனை நாள் தாங்கும்?

மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து வந்து என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாய். வஞ்சிரம் குழம்பு நீதான் வைத்தாய். சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். எட்டு மாசமாகத் தங்கச்சியை ஒரு தரம் படுத்துப் பார் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாய், அவள் மாட்டேன் என்று ஓடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லிப் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து காலைத் தூக்கினாள். நீ மெல்ல ஆட்டினாய். அவள் சிரித்தாள், நல்லாத்தான் இருக்கு என்றாள். நாலாவது ஆட்டத்தில் பூவரசு பக்கம் விட்டுப்போனது. தரையில் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நீ அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாய், வீட்டைப் பூட்டிக்கொண்டு வா என்று சாவியை என்னிடம் வீசிவிட்டு. நான் தனியாகத் தோட்டத்தில் நின்றேன். கீழே கிடந்ததைக் கையில் எடுத்தேன். பட்டை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. மரத்துப் பக்கத்து வளையம் பிரிந்து கிடந்தது. நான் தைத்த இடத்தில் கறுப்பு நூல் தூசி தூசியாக உதிர்ந்தது. இன்னொரு வளையத்தில் அமாக்கின் கயிற்றை நீ கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. அசையவே இல்லை.

அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தேன். சும்மா அவிழவில்லை. எட்டு மாசக் கனத்தில் இறுகிப்போயிருந்தது. நகம் போட்டுப் பார்த்தேன், சாவியை நுழைத்துப் பார்த்தேன். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன், ஈறில் ரத்தம் வந்தது. அவிழ்த்த கயிற்றைத் தரையில் போட்டேன். வேம்பில் இருந்த பட்டையையும் கழற்றி, ரெண்டையும் வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. என்ன ஆச்சு, பாத்தியா என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடைக்காரன் புத்தி, எங்கே ஊரெல்லாம் என் தையலைப் பற்றிப் பேசுவார்களோ என்று பயம். அதைவிட, உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று பயம்.

"முடிச்சு அவுந்திருக்குடா" என்றேன்.

நீ உன் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாய்.

மறுநாள் காலையிலேயே நாலு வளையத்தையும் பிரித்து நைலான் நூலில் தைத்தேன். நூல் பழசாகத் தெரிய மண்ணில் வேறு தேய்த்தேன், பார் என் சாமர்த்தியத்தை. யாராவது எடுத்துப்போவார்கள் என்று கழற்றி வைத்திருந்தேன் என்று சொல்லி உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தேன். நீ முட்டியால் அழுத்திக்கொண்டு இழுத்துப் பார்த்தாய், மரத்தில் போட்டுத் தொங்கிப் பார்த்தாய். பட்டை ஒன்றும் ஆகவில்லை, தையல் ஒன்றும் ஆகவில்லை, அப்படியென்றால் என் கைதான் என்றாய். அமாக்கை மடித்துப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டாய்.

அதற்கப்புறம் நீ பாயில் படுத்தாய். ராத்திரி நாலைந்து தரம் எழுந்து உட்காருகிறார் என்று தங்கச்சி சொன்னாள். அவளுக்கு மாவுக்கட்டு இருந்த வரைக்கும் நீதான் சமைத்தாய், நீதான் தலை பின்னிவிட்டாய், கோணல் மாணலாக. கட்டு பிரித்தபிறகும் அந்தக் கை முழுசாகத் திரும்பவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம் சுருங்கிப்போகும். மறுபடி கட்டலாமே என்று நானே ஒருதரம் சொன்னேன், வெட்கம் கெட்டவன். வேண்டாம்டா, இவ்ளோ வருஷம் முடிச்சுப் போட்ட கை, வீட்டுக்காரி படுத்த அன்னைக்கு விட்டுடுச்சு என்றாய்.

ஒருநாள் கோயிலுக்குப் போய் வந்து, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைச் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். கவனக்குறைவால் பெண்டாட்டி கையை முறித்தேன் என்று சொன்னாயாம். அவர் செபம் சொல்லச் சொல்லி அனுப்பினாராம். கொஞ்சம் லேசாக இருக்கிறது என்றாய். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் பாவத்தை நீ முட்டி போட்டுச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். எங்கள் சாமியிடம் இப்படி ஒரு வழி இல்லை, கற்பூரம் ஏற்றினால் யார் பேரில் என்று அது கேட்பதும் இல்லை.

அதைவிடப் பெரிய கொடுமை, நீ என்னைப் புகழ்ந்தது. போகிற இடமெல்லாம், பட்டை போகல, இவன் தையல் போகல, யானையைக் கட்டினாலும் தாங்கும், என் முடிச்சுதான் போச்சு என்று சொன்னாய். உன்னோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேர் உன் பேச்சைக் கேட்டு என்னிடம் சீட் தைக்க வந்தார்கள். தையல் ராசா என்று ஒருவர் முதுகில் தட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்ததா? வரவில்லை. அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட என்னைக் கூப்பிட்டாய். எப்போதும் நீதான் மாடியில் மூங்கில் நட்டுக் கட்டுவாய், தெருவிலேயே உயரமாக உன் வீட்டு நட்சத்திரம்தான். ஏன், நீ கட்டேன் என்றேன்.

"இனிமே கட்றதெல்லாம் நீதான். உன் கைய நம்பலாம்."

மாடியில் நாம் ரெண்டு பேர்தான் இருந்தோம். நீ மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான் கயிறு சுற்றினேன். ஒரே இடத்தில் நாலு முடிச்சு போட்டேன், போதும்டா என்று சிரித்தாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை. அடுத்த வருஷமும் நான்தான் கட்டினேன்.

அதற்கடுத்த மாசி மாசம், காலையில் நீ மீன் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தூக்கம் கெட்டுத்தான் போனாயா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சர்க்கரையும் இருந்தது, பீடியும் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடக்கத்தன்று உன் சித்தப்பா மகன் என்னைக் காட்டி, அண்ணனுக்கு ரொம்ப நம்பிக்கையானவர் என்று யாரிடமோ சொன்னான். நான் கும்பலில் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இதோ இத்தனை வருஷம் கழித்து உன் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். அந்த அம்மா நூலைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போன அன்றைக்கே கடையை மூடிவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். வாங்கண்ணே, காப்பி போடட்டுமா என்றாள். வேண்டாம், உட்காரு என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நூல் தீர்ந்துபோனது, பொய் சொன்னது, வளையம் பிரிந்தது, பட்டையை எடுத்துப்போய்த் தைத்தது. அவள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

"அவரு போட்ட முடிச்சு?" என்று கேட்டாள்.

"இருந்துச்சும்மா. அப்படியே இருந்துச்சு. என்னால அவுக்க முடியல, பல்லால கடிச்சு அவுத்தேன்."

அப்போதுதான் அழுதாள். சத்தம் போடாமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு. கை முறிந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, உங்கள நல்லாத் திட்டியிருப்பாரு. ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாரு. அப்புறம் நீங்க ரெண்டு பேருமா போயி மறுபடியும் கட்டியிருப்பீங்கண்ணே" என்றாள். பிறகு எழுந்து மீன் அலசப் போய்விட்டாள். காப்பி கேட்கவில்லை.

ஒரு வாரம். நானும் அதைத்தான் நடந்துகொண்டே எண்ணினேன். உன் கோபம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்று எனக்குத் தெரியாதா? அஞ்சாம் வகுப்பில் உன் காம்பஸ் பெட்டியைத் தொலைத்தபோதே தெரியும். எட்டாவது நாள் நீயே வந்து தோளில் கை போடுவாய். அந்த ஏழு நாளைப் பொறுக்க மாட்டாமல், உன் ரெண்டு வருஷத் தூக்கத்தை எடுத்துக்கொண்டேனடா.